பனிமலைப் பாதையில் எந்த டயர்? சுரங்கங்கள் எழுப்பியுள்ள புதிய கேள்வி

புது தில்லி: ஹிமாசலப் பிரதேச மாநிலம் குலு மாவட்டம் சோலாங் நாலாவில் 2024 டிசம்பர் 27-ஆம் தேதி பெய்த பனியில் ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் சிக்கிக் கொண்டன. அவற்றில் இருந்த சுமார் 5 ஆயிரம் சுற்றுலாப் பயணிகளைப் போலீஸார் மீட்டு, பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பி வைத்தனர். அதே மாதத்தில் மணாலிக்கு மேலே உள்ள சாலையில் கார்களும் லாரிகளும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இல்லாமல் பக்கவாட்டில் சறுக்கிச் சென்ற காட்சிகள் நாடு முழுவதும் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன.

இத்தகைய சறுக்கல்களில் பிரேக் பழுதாவது அரிது. பிரேக்கை மிதித்ததும் சக்கரம் சுழல்வது நின்றுவிடுகிறது, வண்டிதான் நிற்பதில்லை. ஒன்றரை டன் எடையுள்ள கார் சாலையைத் தொட்டுக் கொண்டிருப்பது நான்கு இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அந்த நான்கு உள்ளங்கைகளும் எந்த ரப்பரால் ஆனவை என்பதே பனிச்சாலையில் உயிரைத் தீர்மானிக்கிறது.

குளிர்காலத்துக்கென்றே செய்யப்படும் டயரை வாங்குவதா, எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று விற்கப்படும் டயரே போதுமா என்ற கேள்வி ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் வீட்டுக்கு வீடு எழுவதுதான். இந்தியாவில் அண்மைக்காலம் வரை இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. காரணம் எளிது: பனி பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள்.

மூடிய சாலைகள் திறந்தன: 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்து வைத்தார். அதுவரை, 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாய் பனியால் மூடப்பட்டதும் லாஹௌல் பள்ளத்தாக்கு ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தது. இப்போது ஜனவரி மாதத்திலும் மணாலியில் இருந்து சிஸ்ஸூவுக்கும் கேலாங்குக்கும் வாகனங்கள் செல்கின்றன.

காஷ்மீரிலும் இதே நிலைதான். பனிஹால் - காஜிகுண்ட் இடையே சுமார் 8.5 கி.மீ. நீளமுள்ள புதிய சுரங்கப்பாதை 2021-இல் போக்குவரத்துக்கு வந்தது. பனிச்சரிவுகளால் குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த சோனாமார்க்குக்குச் செல்லும் சுரங்கப்பாதை 2025 ஜனவரி 13-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு அப்பால் உள்ள ஜோஜிலா கணவாயில் ஒரு காலத்தில் பல மாதங்கள் நீடித்த மூடல், 2025-இல் 32 நாள்களாகச் சுருங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதியே எல்லைச் சாலைகள் அமைப்பு கணவாயைத் திறந்துவிட்டது.

ஆனால் சாலை திறந்த வேகத்தில் அதில் ஓடும் வாகனங்கள் மாறவில்லை. தில்லியிலும் சண்டீகரிலும் மே மாத வெயிலில் ஓடும் அதே டயர்களுடன்தான் பெரும்பாலான கார்கள் டிசம்பரில் மலையேறுகின்றன. பயணிகளை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் உள்ளூர் டாக்ஸிகளிலும் குளிர்கால டயர் அபூர்வமாகவே காணப்படுகிறது.

பனியை விடக் குளிரே முக்கியம்: இந்த டயர்களுக்கு இடையிலான வேறுபாடு மேற்பரப்பின் பள்ளங்களில் இருப்பதாகவே பலர் கருதுகின்றனர். பாதி உண்மைதான். மற்றொரு பாதி ரப்பரின் சேர்மானத்தில் உள்ளது. வெப்ப நாட்டுச் சாலைகளுக்காகச் செய்யப்படும் டயரின் ரப்பர், சூட்டில் குழையாமல் இருப்பதற்காகக் கடினமாகவே வார்க்கப்படுகிறது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது மேலும் விறைக்கத் தொடங்குகிறது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களைக் கவ்விப் பிடிக்க வேண்டிய ரப்பர், பிளாஸ்டிக் துண்டைப் போல வழுகிச் செல்கிறது. சாலையில் பனியே இல்லாவிட்டாலும் இந்தக் குறை ஓரளவு இருக்கும்.

குளிர்கால டயரில் சிலிக்கா அதிகமாகச் சேர்க்கப்பட்டு, கடுங்குளிரிலும் நெகிழும் தன்மையுடன் ரப்பர் உருவாக்கப்படுகிறது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்களும், ஒவ்வொரு ரப்பர்க் கட்டியிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீற்றுகளும் இருக்கும். சக்கரம் உருளும்போது இக்கீற்றுகள் விரிந்து பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. பள்ளங்களில் அடைபடும் பனியும் வீணல்ல. பனியைப் பற்றுவதில் ரப்பரை விடப் பனியே மேலானது என்பதால் அது கூடுதல் பிடிப்பைத் தருகிறது.

சாதாரண டயருடன் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் போட்ட 5 மீட்டருக்குள் நின்றுவிடும். இறுகிய பனியில் பிடிப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், நிற்க 18 மீட்டர் வரை தேவைப்படும். வழுவழுப்பான பனிக்கட்டியில் இது 35 மீட்டராகும். இவை சமதளக் கணக்குகள். பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்கும் மலைச்சரிவில் பனியில் நிற்க வேண்டிய தூரம் 18-இல் இருந்து 30 மீட்டராகிறது. அதே சரிவில் பனிக்கட்டி படிந்திருந்தால் டயரின் பிடிப்பும் சரிவின் இழுப்பும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. அதாவது, பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நடைமுறையில் நிற்காது. மணாலிச் சாலையில் நாடு பார்த்த காட்சிகளின் பின்னணி இதுவே.

குளிர்கால டயர் இந்தக் கணக்கை அடியோடு மாற்றிவிடுவதில்லை. ஆனால் இறுகிய பனியில் கோடை டயர் நிற்க எடுக்கும் தூரத்தில் ஏறத்தாழ பாதியிலேயே அது காரை நிறுத்துகிறது என்பது ஐரோப்பியச் சோதனைகளில் ஆண்டுதோறும் உறுதியாகி வரும் செய்தி. தரமான எல்லாப் பருவ டயர் இவ்விரண்டுக்கும் இடையில், குளிர்கால டயருக்குச் சற்று நெருக்கமாக நிற்கிறது. பனிக்கட்டியில் மட்டும் எந்த டயரையும் முழுமையாக நம்புவதற்கில்லை.

இரு எழுத்தும் ஒரு மலையும்: குளிர்கால டயரின் தாயகம் ஃபின்லாந்து. பின்னாளில் நோக்கியன் என்ற பெயரில் அறியப்பட்ட நிறுவனம் 1934-இல் லாரிகளுக்கும், 1936-இல் கார்களுக்கும் பனிக்கென்று தனி டயரைச் செய்தது. எல்லாப் பருவ டயர் அமெரிக்கச் சரக்கு. குட்இயர் நிறுவனம் 1977-இல் டியெம்போ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லையில் இருந்து விடுதலை என்பதே அதன் கவர்ச்சி.

இப்போது கடைக்குச் செல்பவரைக் குழப்புவது டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீடுகள். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் சேறும் பனியும் என்பதைக் குறிக்கின்றன. இந்தியாவில் விற்கப்படும் பல எஸ்யூவி டயர்களில் இவ்வெழுத்துகளைக் காணலாம். ஆனால் இதைப் பொறிக்க டயரைப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. பள்ளங்களின் அமைப்பு குறிப்பிட்ட வகையில் இருந்தால் தயாரிப்பாளரே பொறித்துக் கொள்ளலாம்.

நம்பத்தக்கது வேறொரு சின்னம்: மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும். 1999-இல் அறிமுகமான இச்சின்னத்தைப் பெற, பனியில் நடத்தப்படும் சோதனையில் டயர் தேற வேண்டும். குளிர்கால டயர்களில் மட்டுமின்றி, தரமான எல்லாப் பருவ டயர்களிலும் இது காணப்படுகிறது. ஜெர்மனியில் பனிச்சாலைக்கு எம் பிளஸ் எஸ் எழுத்துகள் போதும் என்றிருந்த நிலை 2024 செப்டம்பருடன் முடிவுக்கு வந்தது. மலைச் சின்னம் உள்ள டயர்களையே அந்நாட்டுச் சட்டம் இப்போது ஏற்கிறது. எல்லாப் பருவ டயர் வாங்க நினைப்பவர் பெயரைப் பார்க்காமல் இச்சின்னத்தைத் தேடுவது நல்லது.

இதனுடன் தொடர்புடைய மற்றொரு மயக்கம் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனம் பற்றியது. மணாலிக்கு மேலே பனி பெய்யும் நாள்களில் இவ்வகை வாகனங்களை மட்டுமே போலீஸார் அனுமதிப்பது வழக்கமாக இருப்பதால், அவற்றுக்கு எதுவும் நேராது என்ற எண்ணம் பரவியுள்ளது. நான்கு சக்கரங்களுக்கும் என்ஜினின் சக்தி செல்வது மேலேறவும் சிக்கிய இடத்தில் இருந்து வெளிவரவும் உதவும். பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. எனவே இறங்கும்போது விலை உயர்ந்த எஸ்யூவிக்கும் சிறிய காருக்கும் வேறுபாடு டயரில் மட்டுமே. எளிதாக ஏறிவிட்ட துணிவில் வேகமாக இறங்குபவர்களே அதிகம் மாட்டிக் கொள்கின்றனர்.

யாருக்கு எது?: தில்லியில் இருந்து மணாலிக்கு 500 கி.மீ.க்கு மேல். அதில் பனி கிடப்பது கடைசிச் சில பத்து கிலோமீட்டர்களில். தில்லியின் ஜனவரிப் பகல்பொழுது சராசரியாக 20 டிகிரி வெப்பத்துடன் இருக்கும். அந்தச் சாலையில் குளிர்கால டயர் விரைவாகத் தேய்வதோடு, உலர்ந்த தாரிலும் ஈரத்திலும் நிற்க அதிக தூரம் எடுத்துக் கொள்ளும். மூன்று நாள் சுற்றுலாவுக்காக அதை வாங்குவது பணத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கே இழப்பதாகும். இவர்களுக்கு மலைச் சின்னம் உள்ள எல்லாப் பருவ டயரும், டிக்கியில் ஒரு ஜோடி பனிச் சங்கிலியும் போதுமானவை. அதுவும் இல்லாதவர் காரை மணாலியிலேயே நிறுத்திவிட்டு உள்ளூர் வாகனத்தை அமர்த்திக் கொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

கேலாங்கிலோ குப்வாராவிலோ லேயிலோ வசிப்பவரின் நிலை வேறு. நவம்பரில் இருந்து மார்ச் வரை அங்கே வெப்பநிலை பெரும்பாலும் 7 டிகிரிக்குக் கீழேயே இருக்கும். அவருக்கு எல்லாப் பருவ டயர் ஒரு சமரசம் மட்டுமே. தேவை குளிர்கால டயர். இரண்டு தொகுதி வாங்குவது இரட்டைச் செலவு என்று தோன்றினாலும், ஒன்று ஓடும்போது மற்றது தேயாமல் ஓய்வெடுக்கிறது. செலவு ஒரே நேரத்தில் வருவதுதான் சுமை. நாள்தோறும் பயணிகளின் உயிரைச் சுமந்து செல்லும் டாக்ஸி ஓட்டுநருக்கு, தவணையில் வாங்கிய வண்டியுடன் இந்தச் சுமையும் சேர்ந்தால் தாங்குவது கடினம். மானியத்துக்கு நியாயமான காரணம் உள்ள இடம் இது.

சிக்கனம் கருதி முன்சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர் போடுவது ஆபத்தான தவறு. இறக்கத்து வளைவில் முன்பக்கம் பிடிக்க, பின்பக்கம் சுழன்று வெளியே வரும். போட்டால் நான்கும் போட வேண்டும். தேய்மானத்திலும் கவனம் தேவை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் காருக்குப் போதும் என்கிறது இந்திய விதி. ஆஸ்திரியாவிலோ குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் கட்டாயம். சட்டப்படி சரியான நம் ஊர் டயர், பனியில் மொட்டை டயருக்குச் சமம்.

சங்கிலியின் எல்லை: இந்தியாவில் பனிச்சாலைக்குரிய உண்மையான கட்டுப்பாடு டயரில் இல்லை, சங்கிலியில் இருக்கிறது. டங்மார்க்கில் இருந்து குல்மார்க்குக்கு ஏறும் 13 கி.மீ. சாலையில் பனி கிடக்கும் நாள்களில் சங்கிலி மாட்டிய வாகனங்களும் நான்கு சக்கர இயக்கம் கொண்டவையும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. மற்றவர்கள் டங்மார்க்கிலேயே இறங்கி உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டியதுதான்.

பனிக்கட்டியில் எந்த டயரையும் விடச் சங்கிலி நன்றாகப் பிடிக்கும். என்ஜின் இழுக்கும் சக்கரங்களில் அதை மாட்ட வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் அவை முன்சக்கரங்கள். மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது. பனி இல்லாத தாரில் ஓட்டினால் சங்கிலியும் சாலையும் சேர்ந்து கெடும். அறுந்த கண்ணி சுழன்று பிரேக் குழாயை அடித்துச் சேதப்படுத்துவதும் உண்டு.

அடல் சுரங்கப்பாதையில் இந்தச் சிக்கல் கூர்மையாகத் தெரிகிறது. இருபுறமும் பனிச்சாலை, நடுவே 9 கி.மீ. பனியற்ற தளம். சங்கிலியை நம்பிச் செல்பவர் தெற்கு வாயிலில் கழற்றி, வடக்கு வாயிலில் மீண்டும் மாட்ட வேண்டும். திரும்பி வரும்போதும் அதே வேலை. மைனஸ் 10 டிகிரியில் விரல் மரத்துப் போன நிலையில் இதைச் செய்பவர் எத்தனை பேர்? கழற்றிய சங்கிலியைத் திரும்ப மாட்டாமல், கொஞ்ச தூரம்தானே என்று கிளம்புபவர்களே பெரும்பாலோர். குளிர்கால டயருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அரசின் பட்டியலில் இல்லாத பனி: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அப்படி எதையும் கேட்கவில்லை. 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் டயர்களுக்குப் புதிய தரநிலைகளை அறிவித்தது. உருளும்போது ஏற்படும் தடை, ஈரச்சாலையில் பிடிப்பு, இரைச்சல் என்ற மூன்றும் அதில் இடம்பெற்றன. பனியில் பிடிப்பு அந்த மூன்றில் இல்லை. நாட்டின் பெரும்பகுதிக்கு அது தேவையில்லை என்பது உண்மையே. காஷ்மீருக்கும் லடாக்குக்கும் லாஹௌலுக்கும் தேவை என்பதும் உண்மை.

எரிபொருள் விஷயத்தில் அரசு இப்படி இருந்துவிடவில்லை. லடாக்கின் குளிரில் டீசல் உறைந்து போவதைக் கண்டு, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கு அறிமுகப்படுத்தியது. என்ஜின் இயங்க வழி செய்தாகிவிட்டது; வண்டி நிற்பதற்கான ஏற்பாடு ஓட்டுநரின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது.

வாங்க விரும்புபவருக்கும் டயர் எளிதில் கிடைப்பதில்லை. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிப்பதற்காக, 2020 ஜூனில் மத்திய அரசு பல வகைப் புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. உரிமம் பெற்றே கொண்டுவர வேண்டும் என்ற நிலை வந்தபோது, குறைந்த எண்ணிக்கையில் விற்கும் குளிர்கால டயர் போன்றவை முதலில் பாதிக்கப்படுவது இயல்பே. இதில் ஒரு முரண் உண்டு. நெதர்லாந்தின் விரெடெஸ்டைன் நிறுவனத்தை 2009-இல் வாங்கிய இந்தியாவின் அப்போலோ டயர்ஸ், அந்தப் பெயரில் ஐரோப்பியர்களுக்குக் குளிர்கால டயர்களை விற்று வருகிறது. சென்னையைச் சுற்றி எம்ஆர்எஃப், அப்போலோ, ஜே.கே., மிஷெலின், சியட் என டயர் ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. செய்யத் தெரியாத பொருள் அல்ல. கேட்பவர் குறைவு என்பதே தடை.

கன்னியாகுமரி வரை ஒரே சாலை: இந்தப் பிரச்னை மலைவாசிகளுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் மட்டுமே உரியதல்ல. ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. தென்னகத்து வெயிலில் ஓடிப் பழகிய லாரியும் ஓட்டுநரும் அதே சாலையில் வடக்கே சென்றால் பனிஹாலை அடைவர். அங்கே அவர்களுக்கு முதல் எதிரி கண்ணுக்குத் தெரியும் வெண்பனி அல்ல. பகலில் உருகி ஓடும் நீர் இரவில் தாரின் மேல் கண்ணாடி போல உறைந்து, சாலையின் நிறத்திலேயே தெரியும். கறுப்புப் பனி என்று ஓட்டுநர்கள் அழைக்கும் இது, வெயில் படாத வளைவுகளிலும் பாலங்களின் மீதும் முற்பகல் வரை கரையாமல் கிடக்கும். சிம்லாவை அடுத்த தல்லி - குஃப்ரி சாலையில் இதற்காகவே மணல் தூவுகின்றனர். விடிந்ததும் கிளம்பாமல், வெயில் ஏறும்வரை காத்திருப்பது எந்த டயரை விடவும் மலிவான பாதுகாப்பு.

பனியில் பிடிப்புக் கிடைக்கும் என்று டயரின் காற்றை இறக்கிவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. குளிரில் டயருக்குள் அழுத்தம் குறைவது உண்மை. ஆனால் 3 ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்துவிடுவதால், சமவெளியில் இருந்து ஏறி வரும் காரில் இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மலைமீது ஒருமுறை அளந்து பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைத்துக் கொண்டால் போதும்.

எந்த டயர் போட்டிருந்தாலும் நெரிசலில் சிக்கினால் நிற்கத்தான் வேண்டும். பாகிஸ்தானின் முர்ரீயில் 2022 ஜனவரியில் பனியில் சிக்கிய கார்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும்போது, புகைக்குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் நிறைந்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. டிக்கியில் சங்கிலியுடன் ஒரு சிறு மண்வெட்டியும் போர்வைகளும் இருக்க வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

ஜோஜிலாவின் அடியில் சுமார் 13 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கப்பாதை கட்டப்பட்டு வருகிறது. அது முடிந்ததும் ஸ்ரீநகர் - லே சாலை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். சுரங்கத்தின் மறுமுனையைக் கடந்து செல்லும் வாகனங்கள் அடுத்து அடையும் ஊர் டிராஸ். குளிர்கால இரவுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கம்.